நான்கு வாசல்களும் ஒரு மருந்தும்

1813-இல் பாரிஸில் பிரான்சுவா மஜெண்டி என்ற உடலியல் ஆய்வாளர் ஒரு நாயின் இரைப்பையை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையைப் பொருத்தினார். பிறகு வாந்தி உண்டாக்கும் உப்பு ஒன்றை நாயின் ரத்தக்குழாயில் செலுத்தினார். இரைப்பையே இல்லாத நாய் குமட்டியது, பொருத்திய பைக்குள் இருந்ததை வாந்தியாக வெளியே தள்ளியது. இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத கொடூரமான சோதனை. ஆனால் அது ஒரு பழைய சர்ச்சையைத் தீர்த்தது. வாந்தி எடுப்பதில் இரைப்பைக்குப் பெரிய வேலை கிடையாது. உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து பிழிகின்றன, இரைப்பை பிழியப்படுகிறது. பிழியச் சொல்லும் உத்தரவு மூளைத்தண்டிலிருந்து வருகிறது.

இரவு இரண்டு மணிக்குக் குழந்தை மூன்றாவது முறையாக வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது இந்தச் சங்கதியால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. "வாந்தி நிக்கிற மருந்து" என்று மெடிக்கலில் கேட்டு வாங்குகிறோமே, அந்த வகையில் எதுவுமே வாந்திக்குக் காரணமான நோயைக் குணப்படுத்துவதில்லை. மூளைக்குப் போகும் தகவலையோ, அதை வாங்கிக்கொள்ளும் இடத்தையோ சிறிது நேரம் அடக்கிவைக்கிறது, அவ்வளவுதான். தகவல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அடக்கினால் இரண்டு வகையில் தவறு நேரலாம். மருந்து வேலை செய்யாமல் போகலாம். அல்லது வேலை செய்து, ஆபத்தான நோயின் ஒரே அறிகுறியையும் மறைத்துவிடலாம்.

நான்கு வாசல்கள்

மூளைத்தண்டில் வாந்தியை ஒருங்கிணைக்கும் நரம்பு வலைக்குத் தகவல் வந்து சேர நான்கு வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் குடல். உடலில் உள்ள செரோடோனினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. குடல் சுவரில் உள்ள சில சிறப்பு செல்கள் அதைச் சேர்த்து வைத்திருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் அந்த செல்களைத் தூண்டிச் செரோடோனினை வெளியே கொட்டவைக்கிறது என்று ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். கொட்டிய செரோடோனின் பக்கத்தில் இருக்கும் வேகஸ் நரம்பின் நுனியைத் தொடுகிறது. நரம்பு மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. இரைப்பை அளவுக்கு மீறி விரிந்தாலும் இதே நரம்புதான் சொல்கிறது.

இரண்டாவது வாசல் ரத்தம். மூளைக்குள் கண்ட பொருளும் நுழையாதபடி ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. மூளையின் நான்காவது அறையின் தரைப்பகுதியில் ஒரு சிறு இடத்தில் மட்டும் அந்தத் தடுப்பு தளர்வானது. ரத்தத்தில் நஞ்சு ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்கும் இடம் அது. 1950-களில் அமெரிக்காவில் போரிசன், வாங் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த இடத்தின் வேலையை விளக்கினார்கள். டோபமைன் ஏற்பிகள் அங்கே நிறைய உண்டு. செரோடோனின் ஏற்பிகளும் உண்டு. புற்றுநோய் மருந்து, சிறுநீரகம் செயலிழந்தால் தேங்கும் கழிவு, கட்டுக்குள் வராத சர்க்கரை நோயில் ஊறும் அமிலம் எல்லாம் இந்த வழியாகத்தான் குமட்டலை எழுப்புகின்றன.

மூன்றாவது, உட்செவியில் இருக்கும் சமநிலை உறுப்பு. பேருந்தில் வரும் வாந்திக்கு அதுவே காரணம். இங்கே பேசும் வேதிப்பொருள்கள் ஹிஸ்டமினும் அசிடைல்கோலினும். நான்காவது மேல்மூளை. நாற்றம், பயம், பரீட்சை நாள் காலை, மண்டைக்குள் ஏறும் அழுத்தம் ஆகியவை இந்த வழியில் வருகின்றன.

ஒவ்வொரு வாந்தி மருந்தும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் அடைக்கும். மருந்துகளின் நன்மை, தீமை இரண்டையும் புரிந்துகொள்ள இதுதான் சாவி.

டோபமைனை அடக்கும்போது

மெட்டோகுளோப்ரமைடு என்ற மருந்து இரண்டாவது வாசலில் டோபமைனை அடக்குகிறது. பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் மலிவான மருந்து. சிக்கல் என்னவென்றால், டோபமைன் வாந்திக்கு மட்டுமான வேதிப்பொருள் அல்ல. மூளையின் ஆழத்தில் தசை அசைவுகளை ஒழுங்குபடுத்துவதும் அதுவே. மெட்டோகுளோப்ரமைடு மூளைத் தடுப்பைத் தாண்டி அங்கேயும் போய்விடுகிறது. விளைவாகச் சில குழந்தைகளுக்குக் கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொள்கிறது, கண்விழிகள் மேலே செருகி நிற்கின்றன, நாக்கு தடித்ததுபோல் பேச்சு குழறுகிறது, முதுகு வில்லாக வளைகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். பார்ப்பவர்கள் வலிப்பு என்று நினைப்பார்கள். ஆனால் குழந்தைக்கு நினைவு தப்பியிருக்காது. சரியான மாற்று மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பாட்டிலை எடுத்துக் காட்டத் தெரிந்திருந்தால் தேவையில்லாத ஸ்கேன்களும் பதற்றமும் மிச்சம்.

இந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்து ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த மருந்து கூடவே கூடாது, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வேறு மருந்து பலிக்காதபோது மட்டும், அதுவும் ஐந்து நாளுக்கு மேல் கூடாது. தலைசுற்றலுக்காகப் பெரியவர்கள் சாப்பிடும் புரோகுளோர்பெரசின் மாத்திரையும் இதே குடும்பத்து வேலையைச் செய்வதுதான். தாத்தாவின் மாத்திரை டப்பாவிலிருந்து கால் மாத்திரை உடைத்துப் பேரனுக்குக் கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

டோம்பெரிடோன் இதற்கு மாற்றாக வந்தது. அது மூளைத் தடுப்பை அதிகம் தாண்டாது என்பதால் கழுத்துக் கோணல் குறைவு. நம் வீடுகளில் குழந்தைகள் மருந்து அலமாரியில் இடம்பிடித்துவிட்ட சிரப் இது. ஆனால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, வயிற்றுப்போக்கு வாந்தியில் உப்பு-சர்க்கரைக் கரைசலுடன் டோம்பெரிடோன் கொடுத்தாலும் வெற்று மருந்து கொடுத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் 2019-இல் பிரிட்டனில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான அனுமதி நீக்கப்பட்டது. பெரிய தீமையைச் செய்யாமலேயே ஒரு மருந்து தகுதி இழக்கலாம். பலன் நிரூபணமாகாத இடத்தில் சிறு ஆபத்துக்கூட வீண் ஆபத்துதான். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும் தன்மை டோம்பெரிடோனுக்கு உண்டு. எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவற்றை உடன் கொடுத்தால் கல்லீரல் அதைச் சிதைப்பது குறைந்து, ரத்தத்தில் அதன் அளவு ஏறும்.

சிகாகோவில் 215 குழந்தைகள்

1991-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒன்டான்செட்ரான், புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்திக்காக உருவானது. அது அடைப்பது செரோடோனின் ஏற்பியை, முக்கியமாக முதல் வாசலை. வயிற்றுப்போக்கு வைரஸ் தட்டுவதும் அதே வாசலைத்தான் என்பதால் குழந்தை மருத்துவர்கள் இதன் பக்கம் திரும்பினார்கள்.

ஸ்டீபன் ஃப்ரீட்மன் என்ற குழந்தை மருத்துவரும் சகாக்களும் சிகாகோவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 215 குழந்தைகளிடம் செய்த சோதனை 2006-இல் வெளியானது. எல்லோரும் ஆறு மாதம் முதல் பத்து வயது வரை, எல்லோருக்கும் உடல்நீர் ஓரளவு குறைந்திருந்தது. பாதிப் பேருக்கு ஒரே ஒரு வேளை ஒன்டான்செட்ரான், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. கால் மணி நேரம் கழித்து எல்லோருக்கும் கரைசல் கொடுக்கத் தொடங்கினார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35 சதவீதம் பேர் மீண்டும் வாந்தி எடுத்தார்கள், மருந்து பெற்றவர்களில் 14 சதவீதம். நரம்பில் சலைன் ஏற்ற வேண்டி வந்தவர்கள் முறையே 31 சதவீதம், 14 சதவீதம். மருந்து பெற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கு சற்றுக் கூடியது. அதையும் அந்தக் கட்டுரை மறைக்காமல் சொன்னது.

2025-இல் அதே ஃப்ரீட்மன் கனடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் அடுத்த கேள்வியைக் கேட்டார்: அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகும்போது எண்ணி ஆறு வேளை மருந்து கொடுத்தனுப்பினால் என்ன ஆகும்? நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ தொடர்ந்தவர்கள் வெற்று மருந்துக் குழுவில் 12.5 சதவீதம், மருந்துக் குழுவில் 5.1 சதவீதம். ஆக, பலன் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பலன் எப்படி வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தையையும் மருத்துவர் முதலில் பரிசோதித்தார், வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்தார், எடை பார்த்து அளவு குறித்தார், இத்தனை வேளைதான் என்று வரம்பு வைத்தார். சிரப்போடு இந்த நான்கும் சேர்ந்ததுதான் அந்தச் சிகிச்சை. சீட்டில்லாமல் கடையில் வாங்கும்போது நமக்குக் கிடைப்பது சிரப் மட்டும்.

ஒன்டான்செட்ரானும் இதய மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தக்கூடியது. பெரியவர்களுக்கு நரம்பில் ஒரே தடவையாக 32 மில்லிகிராம் செலுத்தும் முறையை அமெரிக்கா 2012-இல் கைவிட்டது இதனால்தான். நல்ல இதயமுள்ள குழந்தைக்கு வாய்வழி ஒருவேளை மருந்தால் இந்த ஆபத்து மிகக் குறைவு. பிறவியிலேயே இந்த மின்கோளாறு உள்ள குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. குடும்பத்தில் இளவயதில் காரணம் தெரியாத திடீர் மரணம் நேர்ந்திருந்தால், குழந்தைக்கு மயக்கம் வந்த வரலாறு இருந்தால், அசித்ரோமைசின் போன்ற மருந்து ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். விடாத வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்குவதும் இதே ஆபத்தைக் கூட்டும்.

மூடி, ஸ்பூன், சிரிஞ்ச்

குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பதில் பெரும்பாலான தவறுகள் அளவில்தான் நடக்கின்றன. "ரெண்டு வயசுப் பையன், எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது எடையைச் சொல்லி. இரண்டு வயதில் ஒன்பது கிலோவும் இருக்கலாம், பதினைந்து கிலோவும் இருக்கலாம்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒன்டான்செட்ரானை வழக்கமாகக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். பத்துக் கிலோ குழந்தைக்கு 1.5 மில்லிகிராம். 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.75 மில்லி. சிகாகோ சோதனையில் 8 முதல் 15 கிலோ வரை உள்ளவர்களுக்கு 2 மில்லிகிராம் என்று முழுமைப்படுத்திக் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கான 8 மில்லிகிராம் மாத்திரை இதே குழந்தைக்குப் போனால் ஐந்து மடங்குக்கு மேல். வீட்டிலேயே அளவு குறித்துக்கொள்வதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. சீட்டில் எழுதியதும் பாட்டில் லேபிளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, ஒத்துப்போகாவிட்டால் கேட்பதற்காக.

இன்னொரு கண்ணி, சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசம். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து நீர்த்ததாக இருக்கும் என்று நினைப்போம். உண்மை தலைகீழ். சிறிய அளவில் ஊட்ட வசதியாக அதை அடர்த்தியாகத் தயாரிக்கிறார்கள். டோம்பெரிடோனில் ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 10 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் உண்டு. பழைய சிரப்பின் அளவை நினைவில் வைத்துச் சொட்டு மருந்தை ஊற்றினால் பத்து மடங்கு. மருந்தின் பெயரோடு "இத்தனை மில்லிக்கு இத்தனை மில்லிகிராம்" என்ற வரியையும் படிப்பது ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை.

ஊற்றுவது எதில்? சமையலறை ஸ்பூன்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. பாலாடையில் அளவுக்கோடு கிடையாது. "கால் மூடி" என்பது ஊற்றுபவரின் கண்ணைப் பொறுத்தது. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். தேவையான கோடு வரை உறிஞ்சி, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாகச் செலுத்த வேண்டும். மூக்கைப் பிடித்து, தலையைச் சாய்த்து ஊற்றினால் புரையேறும். கொடுத்த கால் மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மருந்து வெளியே வந்திருக்கலாம். ஒருமுறை திரும்பக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அரைமணிக்கு மேல் ஆகியிருந்தால் பெரும்பகுதி உள்ளே போயிருக்கும், மீண்டும் கொடுத்தால் இரட்டிப்பாகும். கொடுத்த நேரத்தை எழுதி வைப்பது முக்கியம். அம்மா ஒருவேளை, அவர் கொடுத்தது தெரியாமல் பாட்டி ஒருவேளை என்று நடப்பது எந்த வீட்டுக்கும் புதிதல்ல.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வாந்தி மருந்து எதையும் வீட்டில் முடிவெடுத்துக் கொடுக்கக் கூடாது. அந்த வயதில் கல்லீரல், சிறுநீரகம், மூளைத் தடுப்பு எல்லாமே இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த வயதில் வரும் வாந்திக்கு அறுவை சிகிச்சைக் காரணங்களும் அதிகம். குமட்டலுக்கு வசம்பை உரைத்துக் கொடுப்பதும் மருந்து கொடுப்பதில்தான் சேரும். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே அதை உணவில் தடைசெய்தது.

உண்மையான சிகிச்சை

சிகாகோ சோதனையில் மருந்துக்குப் பிறகு கொடுத்தது கரைசல் என்று பார்த்தோம். வாந்தி மருந்தின் முழு நோக்கமே அதுதான். வயிற்றுப்போக்கு வாந்தியில் குழந்தையைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் போய்விடுவது. அதை ஈடுசெய்ய வாய் திறந்திருக்க வேண்டும்.

1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ்ன் முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீத அளவில் இருந்த இறப்பு, அவரது கண்காணிப்பில் 3.6 சதவீதமாக இறங்கியது. குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாக இழுத்துக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அவை உள்ளே போக, நீரும் பின்னால் போகிறது. நோய் எவ்வளவு முற்றினாலும் அந்தப் புரதம் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் இவ்வளவுதான். இன்றைய உலக சுகாதார நிறுவனச் சூத்திரத்தில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 75 மில்லிமோல் குளுக்கோஸ்.

விகிதம் மாறினால் பயன் போகும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சி ஆபத்தாகும். பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றின் மிகுதியான சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கைக் கூட்டும். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளை ஒட்டி இனிப்புப் பானங்கள் விற்றதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்தத் தடைவிதித்தது.

"எதைக் கொடுத்தாலும் வாந்தி வருது" என்பார்கள். பெரும்பாலும் டம்ளரில் கொடுத்திருப்பார்கள். தாகத்தில் குழந்தை மடமடவென்று குடிக்கும், இரைப்பை விரியும், முதல் வாசலில் செய்தி போகும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 மில்லி ஸ்பூனில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி, மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் 100 மில்லி. மெதுவாகத் தெரியும் இந்த வழி போதுமான வேகத்தில்தான் போகிறது. பல குழந்தைகளுக்கு இதுவே போதும், மருந்தே தேவைப்படாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பசி எடுத்ததும் கஞ்சி, இட்லி, தயிர் சாதம் என வழக்கமான உணவு தரலாம்.

மலைப்பாதை வாந்தி

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். உட்செவி "சுற்றுகிறது" என்கிறது, செல்போனைப் பார்க்கும் கண் "அசையவில்லை" என்கிறது. முரண்பாட்டின் முடிவு பிளாஸ்டிக் பையில். இங்கே ஒன்டான்செட்ரான் கொடுத்துப் பயன் காண முடியாது, அது அடைக்கும் வாசல் வேறு. பயண வாந்திக்கு உதவுவது ஹிஸ்டமினை அடக்கும் மருந்து. அதைக் கண்டுபிடித்ததே தற்செயல்: 1947-இல் பால்டிமோரில் தடிப்புக்காகப் புது மருந்து சாப்பிட்ட கர்ப்பிணி ஒருவர், டிராமில் வழக்கமாக வரும் குமட்டல் காணாமல் போனதாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களிடம் சொன்னார்.

இந்த வகையில் புரோமெத்தசின் நம்மிடம் பழக்கமானது. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அது மூச்சை அடக்கி உயிரிழப்பு நேர்ந்ததால் 2004-இல் அமெரிக்கா கடும் எச்சரிக்கை விடுத்தது. இயற்கையும் இங்கே ஒத்துழைக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழ் பயண வாந்தி அரிது. பெரிய பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும், சிலருக்கு மாறாகத் துறுதுறுப்பு கூடும். முன்பக்க இருக்கை, தூரத்தில் பதிந்த பார்வை, புறப்படுமுன் அளவான உணவு ஆகியவற்றை முயன்ற பிறகே மாத்திரை.

அடக்கக் கூடாத வாந்தி

சில வாந்திகளுக்கு வீட்டில் மருந்தே தேடக் கூடாது. கைக்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்திலேயே குடல் அழுகிப்போகலாம். பிறந்து சில வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் பீறிட்டுத் தெறிக்கும் வாந்தி, இரைப்பையின் கீழ்வாய் தடித்ததால் இருக்கலாம். விட்டுவிட்டு வீறிட்டு அழுது, இடையில் துவண்டு, சிவந்த ஜெல்லி போல் மலம் போனால் குடல் குடலுக்குள் செருகியிருக்கலாம். தலையில் அடிபட்ட பின் வாந்தி, காலையில் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, ரத்தம் கலந்த வாந்தி, வலப்பக்க அடிவயிற்று வலி, மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ குடித்த சந்தேகம் எல்லாம் நேராக மருத்துவமனைக்கு. தாகம், அதிகச் சிறுநீர், எடைக்குறைவு, ஆழ்ந்த மூச்சு ஆகியவற்றோடு வாந்தி என்றால் அது குழந்தைச் சர்க்கரை நோயின் முதல் அறிவிப்பாக இருக்கலாம்.

டெங்குக் காலத்தில் இன்னொன்று. காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலியோடு விடாத வாந்தி தொடங்கினால், ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியதன் எச்சரிக்கை அது. "காய்ச்சல் விட்டாச்சு, வாந்திதான்" என்று ஒரு வேளை சிரப் கொடுத்துக் காத்திருக்கும் அந்த ஆறு மணி நேரம் விலை உயர்ந்தது.

இவை எதுவும் இல்லாமல், வயிற்றுப்போக்கோடு கூடிய சாதாரண வாந்தி, கரைசல் தங்கவில்லை, மருத்துவர் பார்த்து எடைக்கேற்ப மருந்து எழுதியிருக்கிறார் என்றால் தயங்காமல் கொடுக்கலாம். கொடுத்த பிறகு எதைப் பார்த்துத் தேறியதாக முடிவு செய்வது? வாந்தி நின்றதை மட்டும் வைத்து அல்ல. வாந்தி நின்றும் குழந்தை குடிக்காமல் சுருண்டு கிடக்கலாம். அழும்போது கண்ணீர் வருகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று பாருங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் இல்லையென்றால் வாந்தி நின்றிருந்தாலும் கிளம்ப வேண்டும். மாறாக, இன்னும் ஓரிரு முறை வாந்தி வந்தாலும் சிறுநீர் தாராளமாகப் போய், குழந்தை விளையாடத் தொடங்கிவிட்டால், இரண்டாவது வேளை சிரப்பைத் திறக்கவே தேவையில்லை.